"எந்த நேரமானாலும் கூப்பிடு, வந்து அழைத்துக்கொள்கிறேன்" என்று பதின்வயது மகளுக்கு வாக்குக் கொடுக்கலாமா?

அந்திவானம்

எங்கள் மகளுக்கு 15 வயது. அடுத்த மாதம் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போய், அன்றிரவு அங்கேயே தங்குவதற்கு அனுமதி கேட்டிருக்கிறாள். சென்ற ஆண்டு இப்படி நடந்த ஒரு கூடுகைக்கு மூத்த வகுப்புப் பிள்ளைகள் இருவர் மது கொண்டுவந்திருந்தார்கள் என்பதை, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், அவளே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோபப்படவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

பல நாள் யோசித்து, இப்படிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்: "மதுவையோ வேறு போதைப் பொருளையோ நீ தொடக் கூடாது, அதில் மாற்றமில்லை. ஆனாலும் நீயோ உன்னுடன் இருப்பவர்களோ ஆபத்தில் இருப்பதாக உனக்குத் தோன்றினால், எந்த நேரமானாலும் கூப்பிடு. வந்து அழைத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்." என் கணவர் இதை ஏற்கவில்லை. "கூடாது என்று சொல்லிவிட்டு, மீறினால் நான் இருக்கிறேன் என்றும் சொன்னால், முதலில் சொன்னதற்கு என்ன மதிப்பு?" என்கிறார். அவருடைய தம்பி குடியால் வேலையையும் குடும்பத்தையும் இழந்து, 40 வயதுக்கு முன்பே இறந்துபோனவர். ஆகவே அவருடைய அச்சத்தை வீண் பிடிவாதம் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. இந்த இடத்தைக் கடந்து வந்த பெற்றோர் இங்கே இருந்தால், என்ன சொன்னீர்கள், அதற்குப் பின் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

மரநிழல்

சகோதரி, நான் உங்கள் கணவர் பக்கம். எனக்கு 17 வயதிலும் 14 வயதிலும் இரண்டு மகன்கள். நல்லெண்ணத்தோடு தளர்த்துகிற பெற்றோர் பலரை நான் பார்த்திருக்கிறேன். "வெளியே போய்த் திருட்டுத்தனமாகக் குடிப்பதைவிட வீட்டிலேயே நம் கண்முன்னால் கொஞ்சம் குடித்துப் பழகட்டும்" என்று சொல்பவர்களும் அதைப் பாதுகாப்பு என்றுதான் நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1,927 பதின்வயதினரை 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. பெற்றோரே மது கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. ஓராண்டில் பெற்றோரிடமிருந்து மது பெற்ற பிள்ளைகள், அடுத்த ஆண்டில் வேறு இடங்களிலிருந்தும் பெறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

நீங்கள் மது கொடுக்கப் போவதில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளையின் காதில் விழுவது நாம் சொல்லும் வாக்கியமா, அதற்கு அடியில் இருக்கும் இளக்கமா? "கேள்வி கேட்க மாட்டேன்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வது 15 வயதுப் பிள்ளைக்கு எளிது.

மௌனவெளி

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். மரநிழல் ஐயா குறிப்பிட்ட ஆய்வின் முடிவை நானும் பெற்றோரிடம் சொல்வதுண்டு. அது சொல்லும் பாடம் சரியானது. ஆனால் மது ஊற்றிக் கொடுப்பது விதியையே கைவிடுவது. ஆபத்தில் போய் அழைத்து வருவது விதியைத் தொடுவதே இல்லை. நீச்சல் தெரியாமல் ஆழத்தில் இறங்காதே என்று கண்டித்து வளர்த்த பிள்ளை இறங்கிவிட்டால், கரையில் நின்றபடி "நான்தான் சொன்னேனே" என்று யாரும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. முதலில் தூக்குகிறோம். தூக்கியதால் இனி இறங்கலாம் என்று எந்தப் பிள்ளையும் எண்ணுவதில்லை.

ஆயினும் உங்கள் வாக்கியத்தில் ஒரு திருத்தம் வேண்டும், சகோதரி. "ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்" என்று சொல்லாதீர்கள். அது காப்பாற்ற முடியாத வாக்கு, காப்பாற்றவும் கூடாது. "அன்றிரவு கேட்க மாட்டேன். நீ தூங்கி எழுந்த பிறகு மூவரும் உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்லுங்கள். நள்ளிரவில், அழுதுகொண்டிருக்கும் அல்லது போதையில் இருக்கும் பிள்ளையிடம் கேட்கிற கேள்விக்குப் பொய்யைத் தவிர வேறு பதில் வராது. மறுநாள் பேசும்போது, அவள் மீறியதற்குரிய விளைவும் இருக்கலாம். ஆனால் கூப்பிட்டதற்காக எந்தத் தண்டனையும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை விழாவுக்கு முன்பே அவளிடம் விளக்கிவிட வேண்டும்.

வீட்டில் நாம் அறிவுரை சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையும், நண்பர்கள் நடுவே நிற்கும் பிள்ளையும் ஒரே மனநிலையில் இருப்பதில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 13 முதல் 16 வயதுள்ளவர்கள், 18 முதல் 22 வயதுள்ளவர்கள், 24 வயதைத் தாண்டியவர்கள் என்று மூன்று பிரிவினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடச் சொன்னார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது சிறியவர்கள் எடுத்த ஆபத்தான முடிவுகள் வெகுவாகக் கூடின. 24 வயதைத் தாண்டியவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பாராட்டையும் பரபரப்பையும் தேடும் மூளைப் பகுதிகள் பதின்வயதில் விழித்துக்கொள்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தும் நெற்றிப் பகுதியோ 25 வயதை ஒட்டித்தான் முழுமை அடைகிறது. எனவே "உனக்கு அறிவில்லையா?" என்று கேட்பதில் பயனில்லை. அறிவு இருக்கிறது, அந்த நேரத்தில் அதன் குரல் அவளுக்குக் கேட்பதில்லை. அந்த நேரத்துக்கென்று ஒரு வழியை முன்கூட்டியே அமைத்துக் கொடுக்க வேண்டும்.

பல குடும்பங்கள் ஒரு குறிச்சொல்லை வைத்துக்கொள்கின்றன. மகள் அந்த ஒற்றைச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், பெற்றோர் உடனே தொலைபேசியில் அழைத்து, "வீட்டில் அவசரம், உடனே வர வேண்டும், கிளம்பி நில்" என்று கண்டிப்பான குரலில் சொல்வார்கள். பழி பெற்றோர் மீது விழும். அவளுக்கு நண்பர்களிடம் முகம் கெடாது. இதை ஏமாற்று வேலை என்று சிலர் தயங்குகிறார்கள். பிள்ளைக்குத் தப்பிக்க ஒரு கதவு கிடைக்கும் என்றால் அந்தப் பழியைத் தாராளமாகச் சுமக்கலாம்.

இரவுப்பணி

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வாக்குக் கொடுக்கலாமா கூடாதா என்ற விவாதத்தைப் படிக்கும்போது, எங்களிடம் தாமதமாகக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. உடன் வந்த நண்பர்களிடம் "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டால், "அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

"தூங்கினால் தெளிந்துவிடும்" என்ற நம்பிக்கை உயிரைக் குடிப்பது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றிலும் குடலிலும் இருக்கும் மது இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஆகவே படுக்க வைத்தபோது உளறிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு மணி நேரம் கழித்து இன்னும் மோசமான நிலைக்குப் போகலாம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் சிதைக்கிறது. கடுங்காப்பி கொடுப்பது, குளிர்ந்த நீரில் குளிக்க வைப்பது, நடக்க வைப்பது என எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. அளவு மிஞ்சினால் மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு மந்தமாகிறது. தொண்டையைக் காக்கும் அனிச்சைச் செயலும் மங்குவதால், மல்லாந்து கிடக்கும் பிள்ளை தன் வாந்தியிலேயே மூச்சடைத்துப் போகலாம்.

உங்கள் மகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். உலுக்கியும் விழிக்கவில்லை, நிமிடத்துக்கு 8 முறைக்கும் குறைவாக மூச்சு விடுகிறார், இரண்டு மூச்சுகளுக்கு நடுவே 10 நொடி இடைவெளி விழுகிறது, உதடு நீலம் பாய்கிறது, உடல் சில்லிடுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும். வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. என்ன உட்கொண்டார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையோ கடுமையான வலி மாத்திரையோ மதுவோடு சேர்ந்திருந்தால், அந்தத் தகவல்தான் சிகிச்சையின் போக்கை மாற்றும்.

பெற்றோருக்கு இன்னொன்று. பசை, தின்னர், தெளிப்பான் போன்றவற்றை முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த ஆவிகள் இதயத்தை அட்ரினலினுக்கு மிகவும் எளிதாகத் தூண்டப்படும் நிலையில் வைத்திருக்கும். திடுக்கிட்டு ஓடும்போது சுரக்கும் அட்ரினலினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, அங்கேயே நின்றுவிடலாம். முதல்முறை முகர்ந்த பிள்ளைக்கும் இது நேரலாம். அமைதியாகப் பேசி, காற்றோட்டமான இடத்துக்கு அழைத்து வந்து உட்கார வைப்பதே சரியான முறை. கோபத்தை அடக்குவது ஓர் உயிரைக் காக்கும் முதலுதவியாகவே ஆகிற தருணம் அது.

இருபத்தொன்று

நான் பெற்றோர் அல்ல, வயது 21. ஆனாலும் மறுபக்கத்திலிருந்து சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு 16 வயதானபோது, "குடித்துவிட்டு வந்தால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே" என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த வார்த்தைக்குப் பிறகும் நான் ஒரு நாள் குடித்தேன். அந்த வார்த்தை என்னைக் குடிக்காமல் தடுக்கவில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதைத்தான் தடுத்தது. என்னைவிட அதிகமாகக் குடித்திருந்த நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். விழுந்தோம். கை முறிந்தது. மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். வீட்டில் இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பைக்கில் ஏறுவதற்கு முன் கைப்பேசியை எடுத்து, அப்பாவின் எண்ணைப் பார்த்து, மறுபடியும் சட்டைப் பையில் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் அன்று வந்திருப்பார் என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் அது அன்று எனக்குத் தெரியாது.

பயமுறுத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை புகைத்தால் மனநோய், ஒருமுறை குடித்தால் அடிமை என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். ஒருமுறை செய்த நண்பர்கள் மறுநாள் இயல்பாக வகுப்புக்கு வந்ததைப் பார்த்ததும், பெரியவர்கள் சொன்ன அனைத்தையும் பொய் என்று முடிவு கட்டிவிட்டோம். அவற்றில் உண்மையாக இருந்தவையும் அதோடு போயின.

மரநிழல்

தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நானும் ஏறக்குறைய அதே சொற்களை என் மகன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இங்கே எழுத வேண்டாம் என்று நினைத்திருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் என் மூத்த மகனின் புத்தகப் பையில் ஒரு மின்சிகரெட் கிடைத்தது. முதலில் அதைக் கணினியில் செருகும் ஏதோ ஒன்று என்றே நினைத்தேன். என்னவென்று தெரிந்தபோது அதைத் தரையில் அடித்து உடைத்தேன்; அவன் தம்பியின் முன்னாலேயே கத்தினேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. இப்போது அவன் நிறுத்திவிட்டானா, வேறு எதற்காவது போய்விட்டானா என்பது எனக்குத் தெரியவில்லை. சிறுநீரைச் சோதிக்கும் பட்டைகளை வாங்கி வீட்டிலேயே பார்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன். மௌனவெளி அவர்கள் தயவுசெய்து இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவன் மூன்று முறை கூப்பிட்டால் மூன்று முறையும் போய் அழைத்து வந்துகொண்டேதான் இருக்க வேண்டுமா?

மௌனவெளி

இதை எழுதியதற்கு நன்றி, ஐயா. வீட்டுச் சோதனை வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பெற்றோர் வீட்டிலேயே செய்யும் போதைச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை. சில சாதாரண மருந்துகளே போதைப் பொருள்போலத் தவறான முடிவைக் காட்டலாம். உண்மையிலேயே பயன்படுத்தியவர் தண்ணீர் கலந்தோ நாளைத் தள்ளியோ தப்பிவிடலாம். பயன்படுத்தாத பிள்ளையிடம் தவறான முடிவைக் காட்டி நீங்கள் குற்றம்சாட்டினால், அதை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். சோதனை தேவை என்றால் மருத்துவர் வழியாக, அவன் அறிந்து, ஒப்புக்கொண்டு நடக்க வேண்டும்.

அந்தக் கருவியில் இருந்தது நிகோட்டின் என்றால், அவன் நிறுத்த முயன்று தோற்றுக்கொண்டிருக்கவும் கூடும். பதின்வயது மூளை நிகோட்டினுக்கு விரைவில் பழகிவிடுகிறது. விட முயலும்போது எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முரட்டுத்தனமாகத் தெரியும்.

அவனோடு எங்காவது போகும்போது, பக்கத்தில் நடந்தபடியோ வண்டியில் உட்கார்ந்தபடியோ பேச்சைத் தொடங்குங்கள். நேருக்கு நேர் முகம் பார்க்காத இடங்களில் இந்த வயதினர் அதிகம் பேசுவார்கள். "அன்று தம்பியின் முன்னால் நான் கத்தியது தவறு. அந்தக் கருவி கூடாது என்று சொன்னதில் எனக்கு மாற்றமில்லை. சொன்ன விதத்துக்காக வருந்துகிறேன்." இதோடு நிறுத்திவிடுங்கள். அன்றே பதிலை எதிர்பார்க்காதீர்கள். சில நாட்கள் கழித்து, "அது உனக்கு என்ன கொடுத்தது?" என்று கேளுங்கள். "ஏன் செய்தாய்?" என்பது விசாரணை, பிள்ளை வாய்மூடிக்கொள்ளும். என்ன கொடுத்தது என்று கேட்டால், "படபடப்பு குறைந்தது" என்றோ, "அவர்களோடு சேர்ந்து நிற்க முடிந்தது" என்றோ உண்மையான ஒரு காரணம் வெளியே வரும். அந்தப் படபடப்புக்கு வேறு மருந்து தேட வேண்டியது உங்கள் இருவரின் வேலை. அவன் சொல்வதை அவன் சொற்களிலேயே திருப்பிச் சொல்லி, "நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று கேளுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். எனக்கும் பல நாட்கள் அது வாய்ப்பதில்லை.

மூன்று முறை கூப்பிட்டால் மூன்று முறையும் போங்கள். ஆனால் மூன்றாவது முறைக்குள் அது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி என்ற நிலையைத் தாண்டிவிடும். தனியாக இருக்கும்போது பயன்படுத்துகிறானா, மனதைத் தளர்த்திக்கொள்வதற்காகப் பயன்படுத்துகிறானா, நடந்ததை மறந்துபோகிறானா, போதையில் இருப்பவர் ஓட்டும் வண்டியில் ஏறியிருக்கிறானா, குறைத்துக்கொள்ளும்படி நெருக்கமானவர்கள் சொல்கிறார்களா, அதனால் சிக்கலில் மாட்டியிருக்கிறானா என்ற ஆறு கேள்விகளை 12 முதல் 21 வயதுள்ளவர்களிடம் மருத்துவர்கள் கேட்பதுண்டு. இரண்டுக்கு "ஆம்" என்று வந்தாலே விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது பொருள். அந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அழைத்துப் போவதைத் தண்டனையாகச் சொல்லாதீர்கள். காய்ச்சலுக்குப் போவதைப் போலவே போங்கள்.

அந்திவானம் சகோதரிக்கும் ஒன்று. உங்கள் கணவரின் தம்பியைப் பற்றி மகளுக்குத் தெரியுமா? மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவது. 1997இல் அமெரிக்காவில் வெளியான பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், 14 வயதுக்குள் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமையாகியிருந்தனர். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது ஏறத்தாழ 10 விழுக்காடு. சீக்கிரம் தொடங்கும் பிள்ளைகளின் வீட்டுச் சூழலும் இதில் கலந்திருக்கிறது என்பதால் வயது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் குடும்பத்தில் ஒருவர் இப்படிப் போயிருக்கும்போது, ஒவ்வோர் ஆண்டு தள்ளிப்போடுவதும் அவளுக்கு லாபம். இதை அச்சுறுத்தலாக அல்லாமல், அவளுக்கு உரிமையான ஒரு தகவலாகச் சொல்லுங்கள்.

வெண்பனி

விழா நடக்கும் வீட்டுப் பெற்றோரிடம் பேசினீர்களா? இதை யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்னார்கள்; 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. விளையாட்டு, இசை, இரவில் வெளியே இருப்பதற்கான நேர வரம்பு என்று பல ஏற்பாடுகளின் விளைவு அது. ஆனால் ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூடிப் பேசி, ஒரே விதியை எல்லா வீட்டிலும் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்டது அதில் முக்கியமான பங்கு. "எல்லார் வீட்டிலும் விடுகிறார்கள்" என்ற வாதத்துக்கு அதன் பிறகு இடமில்லை.

அந்திவானம்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மூவரும் பேசினோம். நான் தொடங்குவதாக இருந்தது. ஆனால் என் கணவரே தன் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். சித்தப்பா உடல்நலமில்லாமல் இறந்தார் என்று மட்டுமே மகளுக்குத் தெரியும். அவர் எப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தார், 14 வயதில் எப்படித் தொடங்கியது, கடைசி நாட்களில் யாரையும் கூப்பிட முடியாமல் எப்படித் தனித்துப்போனார் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கிடவில்லை. "அவன் கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேனா என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று அவர் சொன்னபோது நான் திகைத்துப்போனேன். அதன் பிறகு, நான் மறுபடி கேட்காமலேயே, "நீ கூப்பிட்டால் நான் வருவேன். மறுநாள் பேசுவோம்" என்று அவளிடம் சொன்னார். குறிச்சொல்லை அவளே தேர்ந்தெடுத்தாள்.

வெண்பனி சொன்னபடி அந்த வீட்டுத் தாயிடமும் பேசினேன். அவரும் என்னைப் போலவே தயங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிரவு முழுவதும் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

ஆனால் மகள் கேட்ட ஒரு கேள்விக்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "நான் தொடவே இல்லை, என் தோழி குடித்து மயங்கிவிட்டாள் என்றால், அவளையும் அழைத்து வருவீர்களா? அவள் வீட்டில் சொல்லிவிடுவீர்களா? சொல்வீர்கள் என்றால் நான் எப்படிக் கூப்பிடுவது?" இரவுப்பணி அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இரவுப்பணி

உங்கள் மகள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். தோழி விழிக்கவில்லை என்றால் முதல் அழைப்பு ஆம்புலன்சுக்கு, அடுத்து அந்த வீட்டில் இருக்கும் பெரியவருக்கு, அதன் பிறகு உங்களுக்கு. நீங்கள் வந்து சேரும்வரை காத்திருக்கக் கூடாது. தோழியின் பெற்றோருக்குச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைக்கு என்ன மருந்து ஒவ்வாது, என்ன நோய் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே "சொல்ல மாட்டேன்" என்று மகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "சொல்வேன். ஆனால் அதை நீ சொல்ல வேண்டியதில்லை, நான் சொல்கிறேன். உன் தோழி எழுந்து உட்காரும்போது அவள் பக்கத்தில் யாராவது கத்திக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ள என்னால் ஆனதைச் செய்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி என்பதை இன்றே வீட்டில் ஒருவரைப் படுக்கச் சொல்லி அவள் கையாலேயே செய்ய வையுங்கள். மேலே இருக்கும் கால் மடங்கியிருக்க வேண்டும். கை கன்னத்துக்கு அடியில் இருக்க வேண்டும். வாந்தி வெளியே வரும்படி முகம் சற்றுத் தரையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

அந்திவானம்

செய்து பார்த்தோம். படுத்தவர் என் கணவர். முதல் இரண்டு முறை அவளால் அவரைத் திருப்ப முடியவில்லை; மூன்றாவது முறை முழங்காலைப் பிடித்து இழுத்துத் திருப்பிவிட்டாள்.